நெருப்பு கட்டிய மாளிகைகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வர்ஜீனியா எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது கேஸ்வெல் கவுண்டி. பரப்பில் நம்மூர்த் தாலுகா ஒன்றின் அளவு. மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி 23 ஆயிரத்துக்கும் குறைவு. இங்கே ஒரு பேரூராட்சியில் இருக்கும் கூட்டம், அவ்வளவுதான். பெரிய நகரம் கிடையாது. செம்மண், பைன் காடு, மேய்ச்சல் நிலம், சில மைல்களுக்கு ஒரு தேவாலயம். இந்தச் சாலைகளில் போகிறவர்கள் கண்ணில் இரண்டு வகைப் பழைய கட்டடங்கள் மாறி மாறிப் படும். ஒன்று, வெள்ளைத் தூண்களும் அகன்ற முகப்புமாக, மரங்களுக்குப் பின்னால் நிற்கும் மாளிகை. இன்னொன்று, வயலோரத்தில் தகரக் கூரை துருப்பிடித்து, ஜன்னலே இல்லாமல், குள்ளமான ஒற்றைக் கதவுடன் உயரமாக நிற்கும் மரக் கொட்டகை.

மாளிகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் கொட்டகையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், மாளிகையைக் கட்டப் பணம் கொடுத்ததே அந்தக் கொட்டகைதான். அதற்குள் எரிந்த நெருப்பில்தான் புகையிலை மஞ்சளாகிப் பொன் விலைக்குப் போனது. அந்த விலைதான் தூண்களாகவும் வளைந்த மாடிப்படிகளாகவும் எழுந்தது. இன்று மாளிகைக்குப் பதிவேடு இருக்கிறது, வரிச்சலுகை இருக்கிறது, வாங்கிப் புதுப்பிக்க வசதியானவர்கள் வருகிறார்கள். கொட்டகைகளில் பெரும்பாலானவை மழைக்கும் கரையானுக்கும் விடப்பட்டிருக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் காப்பாற்றினால் அந்த மண்ணின் வரலாற்றில் பாதிதான் மிஞ்சும். மிஞ்சுகிற பாதியும் பொய் சொல்லும்.

ஏன் பொய் என்பதைப் புரிந்துகொள்ள, 1839ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

கரி கொண்டுவந்த மஞ்சள்

அதுவரை அந்தப் பகுதிப் புகையிலை கரும்பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. பறித்த இலையைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, தரையில் விறகை மூட்டுவார்கள். புகை இலையில் ஏறி, நிறம் கறுத்து, நெடி தூக்கலாகிவிடும். கேஸ்வெலில் அபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்றொருவர் அடிமையாக இருந்தார். கொல்லு வேலை தெரிந்தவர். கொட்டகை நெருப்பை இரவில் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. ஓர் இரவு அசதியில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் நெருப்பு அணையும் தறுவாயில் இருக்கிறது. மறுபடி விறகு அடுக்கி மூட்ட நேரமில்லை. கொல்லுப் பட்டறைப் பக்கம் ஓடி, மரக்கரியை வாரிக்கொண்டுவந்து போட்டார். கரியில் புகை இல்லை. சூடு மட்டும் சரசரவென்று ஏறியது. இலை முழுக்க எலுமிச்சை மஞ்சளாக மாறி நின்றது.

சவுக்கடி வாங்கித் தந்திருக்கக்கூடிய அந்தத் தூக்கம், ஒரு தொழிலின் திசையையே மாற்றியது. இந்தக் கதையில் நடந்தது எவ்வளவு, பின்னால் சேர்ந்தது எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிப்பார்கள். விவாதத்துக்கு அப்பாற்பட்டது இது: அடுத்த இருபது ஆண்டுகளில் ஸ்லேட் குடும்பம் அந்த முறையைச் செம்மைப்படுத்திச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பரப்பியது, மஞ்சள் இலைக்குச் சாதாரண இலையைவிடப் பல மடங்கு விலை கிடைத்தது. வேறு எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட மெலிந்த மணல் நிலத்தில்தான் இந்த இலை நன்றாக வந்தது என்பது இன்னொரு அதிர்ஷ்டம். தரிசாகக் கிடந்த மேட்டு நிலங்களுக்கு ஒரே தலைமுறையில் மதிப்பு வந்துவிட்டது.

ஸ்டீபனுக்கு என்ன கிடைத்தது? சட்டப்படி அவர் உடம்பே அவருக்குச் சொந்தமில்லை. கண்டுபிடிப்பு எப்படிச் சொந்தமாகும்? உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலை கிடைத்த பிறகும் அவர் அதே வட்டாரத்தில்தான் வாழ்ந்தார். முதுமையில் அந்த இரவைப் பற்றி அவர் சொன்ன சில வரிகள் பதிவாகியிருக்கின்றன. அவ்வளவே.

அவர் தொடங்கி வைத்த மஞ்சள் இலையை நம்பித்தான் தெற்கே டர்ஹம் நகரம் வளர்ந்தது. வாஷிங்டன் டியூக்கின் குடும்பம் சிகரெட் சுற்றும் இயந்திரத்தை 1880களில் பிடித்துக்கொண்டு, 1890இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியாகி, உலகச் சந்தையையே வளைத்தது. இன்று உலகம் அறிந்த டியூக் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பதும் இந்தப் பணம்தான்.

தாமஸ் டே என்ற தச்சர்

1830 முதல் 1860 வரையிலான காலத்தைக் கேஸ்வெலின் பொற்காலம் என்று உள்ளூர் வரலாறுகள் எழுதும். யாருக்குப் பொற்காலம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1860 கணக்கெடுப்பில் கவுண்டியில் இருந்த சுமார் 16 ஆயிரம் பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். அந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த வீடுகள்தான் இன்று நாம் வியந்து பார்ப்பவை. கிரேக்கக் கோயில் பாணியில் தூண்கள், நடுவில் அகலமான நடை, இருபுறமும் சமமாக அறைகள். வெளியிலிருந்து பார்த்தால் தென் மாநிலங்களில் எங்கும் காணக்கூடிய பண்ணையார் வீடுகள்தான். உள்ளே போனால்தான் கேஸ்வெலுக்கே உரிய விஷயம் தெரியும்.

மாடிப்படியின் அடியில் கைப்பிடி தொடங்கும் இடத்தில், மற்ற ஊர்களில் ஒரு கடைசல் தூண் இருக்கும். இங்கே சில வீடுகளில் அந்த இடத்தில் வால்நட் மரம் ஆங்கில 'எஸ்' எழுத்தாகச் சுழன்று, ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, திறந்த வளையமாக எழுந்து நிற்கும். படிகளின் பக்கவாட்டில் அலை அலையாகச் செதுக்கிய பலகைகள். கணப்பு அடுப்பின் மேற்சட்டத்தில் அதே சுழல் வேறொரு வடிவில். இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அக்காலக் கட்டடக்கலை விதியை, அந்தக் கை வேண்டுமென்றே மீறியிருக்கிறது.

அந்தக் கை தாமஸ் டேயினுடையது. 1801இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். கறுப்பினத்தவர், ஆனால் பிறப்பிலேயே சுதந்திரமானவர். 1820களில் கேஸ்வெலின் மில்டன் என்ற சிற்றூருக்கு வந்து மரச்சாமான் பட்டறை வைத்தார். 1830இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த அக்வில்லா வில்சனை மணந்தார். சுதந்திரமான கறுப்பினத்தவர் வெளி மாநிலத்திலிருந்து வட கரோலினாவில் வந்து குடியேறக் கூடாது என்று அப்போது சட்டம். மனைவியை அழைத்துவர முடியாவிட்டால் தாமஸ் டே ஊரைவிட்டே போய்விடுவாரோ என்று மில்டனின் வெள்ளையர்கள் பயந்தார்கள். அவருக்காகச் சட்டமன்றத்துக்கு மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ரோமுலஸ் சாண்டர்ஸ் பரிந்துரை எழுதினார். அக்வில்லாவுக்கு மட்டும் விதிவிலக்குக் கிடைத்தது. டே செய்த நாற்காலி வேண்டும், அவர் இனத்தவர் வேண்டாம் என்பதுதான் அந்த மனுவின் சாரம்.

1850 வாக்கில் மாநிலத்தின் மிகப் பெரிய மரச்சாமான் பட்டறைகளில் ஒன்று அவருடையதாக இருந்தது. கேஸ்வெலிலும் பக்கத்துக் கவுண்டிகளிலும் வர்ஜீனியா எல்லையிலும் 80 வீடுகள் வரை அவர் பட்டறையின் மரவேலை இருப்பதாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மில்டன் அருகே கேலப் ரிச்மண்ட் 1830களின் இறுதியில் கட்டிய 'உட்சைட்' என்ற வீடு அவற்றில் ஒன்று. மில்டனின் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்து இருக்கைகளையும் அவர் செய்ததாகவே ஊர் சொல்கிறது.

இவரைப் புனிதராக்கிவிடவும் முடியாது. அவர் பட்டறையிலும் அடிமைகள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு உடைமையாளர் அவரேதான். அந்தச் சமூகத்தில் ஒரு கறுப்பின முதலாளி பாதுகாப்பாக நடமாட அது ஒரு கேடயமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அந்த விளக்கம் முழுதாக மனசில் ஒட்டவில்லை. ஆனால் இந்தச் சிக்கலை எல்லாம் நாம் இன்று பேச முடிவதே, அவர் வாழ்ந்த வீடு நிற்பதால்தான். 1848இல் அவர் வாங்கிய 'யூனியன் டேவர்ன்' என்ற பழைய சத்திரம்தான் அவர் வீடும் பட்டறையும். 1857 பொருளாதார வீழ்ச்சியில் தொழில் நொடித்து, 1861 வாக்கில் அவர் இறந்துபோனார். அந்தக் கட்டடம் 1975இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989இல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் கருகிப்போனது. செங்கல் சுவர் மட்டும் மிச்சம். உள்ளூர்க்காரர்கள் ஓர் அமைப்பைத் திரட்டி, நிதி சேர்த்து, பல ஆண்டுகள் பாடுபட்டு அதை மீட்டெடுத்தார்கள். மில்டனில் இப்போது இருநூறு பேர்கூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த உழைப்பின் அளவு தெரியும்.

கவுண்டியின் தலைநகரான யான்சிவில்லின் நீதிமன்றக் கட்டடத்தையும் சொல்லிவிட வேண்டும். 1858க்கும் 1861க்கும் இடையில் கட்டியது. அதன் தூண் தலைப்புகளில், வழக்கமான கிரேக்க இலைகளோடு புகையிலை இலையும் சோளக்கதிரும் செதுக்கியிருக்கிறார்கள். 1870 மே மாதம், அந்தக் கட்டடத்தின் ஓர் அறையில்தான் மாநிலச் செனட்டர் ஜான் ஸ்டீபன்ஸைக் கூ கிளக்ஸ் கிளான் கும்பல் கொன்றது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நின்றவர் அவர். அந்தக் கொலையை ஒட்டி ஆளுநர் ஹோல்டன் படையை அனுப்பினார். அதற்காகவே மறு ஆண்டு பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கொலையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அவர் இறந்த பிறகு, 1935இல்தான் வெளியே வந்தது. கட்டடம் நின்றதால் அந்த அறையும் நிற்கிறது.

கொட்டகைக்குள்ளே

இனி, யாரும் படம் எடுக்காத கட்டடத்துக்கு வருவோம்.

புகையிலைக் கொட்டகை சதுரமானது. ஒரு பக்கம் 16 அடி முதல் 20 அடி. உயரமும் ஏறக்குறைய அவ்வளவு. முழு மரங்களைக் கோடரியால் இரு பக்கமும் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று கவ்வும்படி வெட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆணி கிடையாது. மரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் செம்மண் சேற்றால் அடைத்திருப்பார்கள். சூடு வெளியே போகக் கூடாது. பழைய கொட்டகைகளில் அந்த மண் பூச்சில், அதை அழுத்தி வைத்தவரின் விரல் தடம் அப்படியே காய்ந்து இறுகியிருப்பதைப் பார்க்கலாம்.

கதவு குனிந்து போகும் அளவுக்குத்தான். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், சுவருக்குச் சுவர் குறுக்காக ஓடும் மரக் கம்புகள் அடுக்கடுக்காகக் கூரை வரை போகும். இரண்டு கம்புகளின் மேல் காலை அகட்டி வைத்து ஓர் ஆள் நிற்பார். அவருக்கு மேலே இன்னொருவர். அதற்கும் மேலே ஒருவர். இலை கட்டிய குச்சிகளைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் கை மாற்றி மேலே ஏற்றுவார்கள். பச்சை இலையின் பிசின் கையிலும் தலைமுடியிலும் ஒட்டிக் கறுத்துவிடும். சோப்புக்கு எளிதில் போகாது. இலை பறிப்பது ஆண்கள், குச்சியில் நூல் கோத்துக் கட்டுவது பெண்கள், மூன்று நான்காகச் சேர்த்துக் கையில் எடுத்துக் கொடுப்பது பிள்ளைகள். ஆகஸ்ட் வெயிலில், விடியலில் தொடங்கினால் பொழுது சாயும்வரை இந்த வேலை.

சுவரின் அடியில், வெளியேயிருந்து விறகு திணிக்கும்படி கல்லால் கட்டிய இரண்டு அடுப்புகள். அவற்றிலிருந்து தகரக் குழாய்கள் தரையோடு ஓடி, திரும்பி வந்து வெளியே புகையை விடும். சூடு உள்ளே, புகை வெளியே. ஸ்டீபனின் கரி செய்த வேலையைப் பின்னாளில் இந்தக் குழாய்கள் செய்தன. முதல் இரண்டு நாள் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்கு உள்ளே வைத்து இலையை மஞ்சளாக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் 165 டிகிரி வரை கொண்டுபோய் நடு நரம்பைக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் இலை வெந்து கறுக்கும். தாமதித்தால் புள்ளி விழும். ஐந்தாறு நாள் இரவு பகலாக ஒருவர் அடுப்பருகே இருந்தே ஆக வேண்டும். ஓர் இலை குழாய் மேல் உதிர்ந்து பற்றிக்கொண்டால், ஒரு வார உழைப்பும் கொட்டகையும் சேர்ந்து சாம்பலாகும். ஒரே பெரிய கொட்டகையாகக் கட்டாமல், சின்னச் சின்னதாகத் தள்ளித் தள்ளிக் கட்டியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பின் கீழேதான் காவலிருப்பவர் படுப்பார். ராத்திரிப் பேச்சும் பாட்டும் அங்கேதான். கதவுப் பலகையில் பென்சிலால் எழுதிய தேதிகளும் சூட்டுக் கணக்குகளும் இன்றும் சில கொட்டகைகளில் மங்கலாகத் தெரியும். நிற்கும் கொட்டகைகளில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு கட்டியவை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும், நிலமில்லாத ஏழை வெள்ளையர்களும், வாரத்துக்கு உழுது, அறுவடையில் பாதியைப் பண்ணையாருக்கு அளந்துவிட்டு, கடனோடு வீடு திரும்பிய காலம் அது. எழுதி வைக்க அவர்களிடம் நேரமில்லை. பலருக்கு எழுத்தும் இல்லை. கடிதமோ நாட்குறிப்போ விட்டுப் போகாத ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கையெழுத்து இந்த மூலை வெட்டுகளில்தான் இருக்கிறது.

எப்படி விழுகின்றன?

1960களில், இரும்புப் பெட்டி போன்ற புதிய வகை உலர்த்தும் அறைகள் வந்தன. எரிவாயுவில் ஓடும், வெப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், குச்சியில் கட்ட வேண்டாம், ஏறி நிற்க வேண்டாம். இருபது ஆண்டுகளுக்குள் மரக் கொட்டகைகள் காலியாகிவிட்டன. 1930களிலிருந்து சிறு விவசாயிக்கும் ஒரு பங்கு உறுதிசெய்து வந்த அரசின் ஒதுக்கீட்டு முறையை 2004 சட்டம் முடித்து வைத்தது. இழப்பீட்டை வாங்கிக்கொண்டு பலர் புகையிலையையே விட்டார்கள். வட கரோலினாவில் ஒரு காலத்தில் ஐந்து லட்சம் புகையிலைக் கொட்டகைகள் இருந்தன, இன்று அதில் பத்தில் ஒன்றுதான் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2007 வேளாண் கணக்கெடுப்பில் 1960க்கு முன் கட்டிய ஏதோ ஒரு கொட்டகை தங்களிடம் இருப்பதாகச் சொன்ன பண்ணைகள் 6,64,264.

சாவு கூரையில் தொடங்குகிறது. ஒரு தகரம் காற்றில் பெயர்ந்தால் போதும். அந்த ஓட்டை வழியே இறங்கும் மழைநீர் மூலை வெட்டில் தேங்கும், மரம் உளுக்கும். கீழேயிருந்து கரையான் ஏறும். கொடிகள் சுவரைப் பிடித்து மேலேறிக் கூரையைத் தூக்கும். அடித்தளக் கல்லுக்குக் கீழே நிலப்பன்றி எனப்படும் அணில் இன விலங்கு வளை தோண்டும், கல் சரியும். கல் சரிந்தால் அடிமரம் மண்ணைத் தொடும். மண்ணைத் தொட்ட மரத்துக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். ஒரு தகரத்தை மாட்ட அன்றைக்கு ஆகியிருக்கும் செலவு ஒரு நாள் கூலி.

யார் மாட்டுவது? கறுப்பினக் குடும்பங்களின் நிலங்கள் பலவற்றில் உயில் கிடையாது. மூன்று தலைமுறைக்குப் பிறகு இருபது முப்பது வாரிசுகள், பாதிப் பேர் வடக்கே பால்டிமோரிலோ நியூயார்க்கிலோ. எல்லோருடைய கையெழுத்தும் இல்லாமல் கடனும் கிடைக்காது, மானியமும் கிடைக்காது. பாகம் பிரியாத பூட்டிய வீடுகளை ஊருக்கு ஊர் பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு நடுவே, பழைய மரத்துக்கு நகரத்தில் மவுசு வந்திருக்கிறது. உணவகச் சுவருக்கும் புது வீட்டு வரவேற்பறைக்கும் ஒட்ட, வெயிலில் வெளுத்த கொட்டகைப் பலகை கேட்கிறார்கள். வியாபாரி வந்து ஒரு தொகை கொடுத்து, இரண்டு நாளில் பிரித்து எடுத்துப்போய்விடுகிறார். விற்கும் விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். அதை அலங்காரமாக வாங்குகிறவர் அது எந்த ஊர், யார் வெட்டிய மரம் என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

சட்டம் காப்பாற்றாதா? பொதுவாக நினைப்பதுபோல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் இடிக்க முடியாது என்பது உண்மையல்ல. தனியார் தன் சொந்தப் பணத்தில் தன் கட்டடத்தை இடிப்பதை அது தடுக்காது. உள்ளூர் நிர்வாகம் அடையாளச் சின்னமாக அறிவித்தால், வட கரோலினா சட்டப்படி இடிப்பை அதிகபட்சம் 365 நாள் தள்ளிப்போடலாம். பதிலுக்குச் சொத்து வரியில் பாதி ஒத்திவைக்கப்படும். பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் கட்டடத்தைப் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வருமான வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. பண்ணைக் கட்டடமும் இதில் சேரும். ஆனால் பதிவேட்டில் ஏற ஆவணம், வரைபடம், நிபுணர் அறிக்கை எல்லாம் வேண்டும். தாமஸ் டேயின் படிக்கட்டு உள்ள மாளிகைக்கு அதைச் செய்ய ஆள் கிடைப்பார். வயலில் தனியாக நிற்கும் பெயரில்லாத கொட்டகைக்கு யார் செய்வார்? சலுகை இருக்கிறது, கொட்டகைக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கிறது. என் பார்வையில் இந்த அமைப்பின் பெரிய குறை இதுதான்.

தாங்குக்கட்டை வைத்தவர்கள்

வேறு வழியில் முயன்றவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில், 1889இலிருந்து இயங்கும் 'பிரிசர்வேஷன் வர்ஜீனியா' என்ற அமைப்பு, 2009இல் புகையிலைக் கொட்டகைகளை அழிவின் விளிம்பில் உள்ளவை என்று அறிவித்தது. பிறகு பிட்சில்வேனியா, ஹாலிஃபாக்ஸ் கவுண்டிகளில் தன்னார்வலர்களை வைத்துக் கணக்கெடுத்தது. டான்வில் நகரில் இலை கொள்முதல் செய்யும் ஜப்பான் டொபாக்கோ இன்டர்நேஷனலின் கிளை நிறுவனம் பணம் கொடுக்க முன்வந்தது. அந்தப் பணத்தைச் சிறு சிறு மானியங்களாகப் பிரித்து, கொட்டகை வைத்திருப்பவர்களுக்கே கொடுத்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கேஸ்வெலுக்கும் அது வந்தது. பளபளப்பாகப் புதுப்பிப்பது நோக்கமல்ல, விழாமல் நிறுத்துவதுதான் நோக்கம். ஜாக்கி வைத்துக் கட்டடத்தைத் தூக்கி, உளுத்த அடிமரத்தை மட்டும் உருவிவிட்டு, புதிய ஓக் மரத்தில் பழைய அளவுக்கே மூலை வெட்டிச் செருகுவது, சரிந்த கல்லை நிமிர்த்துவது, கூரைத் தகரத்தை மாற்றுவது, கொடியை வெட்டுவது. இவ்வளவு செய்தால் இன்னொரு ஐம்பது ஆண்டு நிற்கும். மரம் வெட்டி மூலை பொருத்தத் தெரிந்த கைகளும் இந்த வேலையால் மறுபடி பழகிக்கொண்டன.

வீடுகளுக்கு 'பிரிசர்வேஷன் நார்த் கரோலினா' செய்வது வேறொரு வேலை. 1975 முதல் சுழல்நிதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். விழப்போகும் வீட்டை வாங்குவார்கள், அல்லது விற்கும் உரிமையைப் பெறுவார்கள். இடிக்கக் கூடாது, இன்னின்னவற்றை மாற்றக் கூடாது என்று பத்திரத்திலேயே நிரந்தர நிபந்தனை எழுதி, குடியிருக்க விரும்புபவருக்கு விற்றுவிடுவார்கள். வந்த பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். மாநிலம் முழுக்க 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்படித் தப்பியிருக்கின்றன. அருங்காட்சியகமாக்கிப் பூட்டி வைப்பதைவிட இது நூறு மடங்கு நல்ல வழி. அடுப்பெரியும் வீட்டில் கூரை ஒழுகினால் அன்றைக்கே ஒருவர் ஏணி எடுப்பார்.

கணக்கெடுப்பின் அருமையையும் சொல்லாமல் விட முடியாது. 1970களில் ரூத் லிட்டில்-ஸ்டோக்ஸ் என்ற கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கேஸ்வெலின் சாலைகளில் அலைந்து, மாளிகை, குடிசை, கொட்டகை என்று பார்த்ததையெல்லாம் பதிவுசெய்தார். 1979இல் அது புத்தகமாக வந்தது. அதில் இருக்கும் பல கட்டடங்கள் இன்று தரையில் இல்லை. அவை இருந்தன என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி.

புகையிலைக்கா இவ்வளவு பரிவு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புற்றுநோய் வார்டுகளை நிரப்பும் ஒரு பயிர் இது. அதை விற்கும் நிறுவனத்தின் பணத்தில் பழுதுபார்ப்பதும் நெருடலானதுதான். ஆனால் கொட்டகையை நிறுத்தி வைப்பது சிகரெட்டுக்கு விளம்பரம் செய்வதாகாது. லாபம் பார்த்தவர்களின் வீடு நிற்கிறது, நீதிமன்றம் நிற்கிறது, பல்கலைக்கழகம் நிற்கிறது. உழைத்தவர்களின் இடம் மட்டும் அழியட்டும் என்று விடுவதற்குப் புகையிலையின் கேடு ஒரு சாக்காகிவிடக் கூடாது.

இந்தக் கட்டட வகை நமக்கும் அவ்வளவு அந்நியமில்லை. ஸ்டீபனின் மஞ்சள் இலையும் குழாய்ச் சூட்டு முறையும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடல் கடந்து குண்டூருக்கு வந்துவிட்டன. ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் பயணம் செய்தவர்கள், வயல் நடுவே உயரமாக நிற்கும் செங்கல் கொட்டகைகளைப் பார்த்திருப்பார்கள். அங்கே அவை இன்னும் வேலை செய்கின்றன. புகையிலை வாரியத்தில் பதிவு பெற்ற கொட்டகை இருந்தால்தான் அந்த இலையை உலர்த்த முடியும். நாளை அந்த முறை மாறும், விறகுக்குப் பதில் வேறொன்று வரும், அவையும் காலியாகும். அப்போது கணக்கெடுக்க யாரும் அலையப்போவதில்லை என்றால், இப்போதே ஆளுக்கு ஒன்றாகப் படமெடுத்து, கட்டிய கொத்தனாரின் பெயரையும் அடுப்பு பார்த்தவரின் பெயரையும் எழுதி வைக்கலாம்.

ராலி, கேரி, மோரிஸ்வில் பக்கம் மகன் மகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். ஹில்ஸ்பரோவிலிருந்து 86ஆம் எண் சாலையைப் பிடித்தால் யான்சிவில். அங்கிருந்து 62ஆம் எண் சாலையில் மில்டன். மொத்தம் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். யூனியன் டேவர்னைப் பாருங்கள், நீதிமன்றத்தின் தூண் தலைப்பில் புகையிலை இலையைத் தேடுங்கள். திரும்பும் வழியில், சாலையோரம் நிற்கும் ஏதாவது ஒரு கொட்டகை அருகே, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வண்டியை நிறுத்துங்கள். அதன் மூலை வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஸ்டீபன் என்றொருவர் இருந்தார் என்று சொல்லுங்கள்.